காதருகே சொன்ன பெயர்

அத்தை,

என் உள்ளங்கையில் இன்னும் கார்பாலிக் சோப்பு வாசனை இருக்கிறது. நேற்று உங்கள் வீட்டைக் காலி செய்தோம். கட்டிலும் பீரோவும் லோடு ஆட்டோவில் ஏறிய பிறகு, குளியலறைச் சுவரில் பதித்திருந்த சின்ன அலமாரியைக் கடைசியாகத் திறந்தேன். உள்ளே நீங்கள் விட்டுப்போன சிவப்புச் சோப்புத் துண்டு ஒன்று வெடித்துக் காய்ந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு முறை கழுவியும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்ததும் நீங்கள் நேரே அந்தக் குழாயடிக்குத்தான் போவீர்கள். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எங்கள் யாரிடமும் பேசுவீர்கள். அம்மா ஆஸ்பத்திரியை வீட்டுக்குள் விடுவதில்லை என்று உங்கள் மகன் பெருமையாகச் சொல்வார். எனக்கு அப்படி இருந்ததில்லை. அந்த வாசனை வந்தால் நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்பேன். எங்கே இருந்தாலும் அந்த மதியத்துக்குப் போய்விடுவேன்.

முதலில் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை வாங்கியவர் காலண்டர் அடிக்கிற கம்பெனிக்காரர். சீசனில் சரக்கை அடுக்கி வைக்க அவருக்கு இடம் போதவில்லையாம். உங்கள் மகனுக்கு விருதுநகர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலான பிறகு நாங்களும் அங்கே வந்துவிட்டோம். நீங்கள் இல்லாத வீடு பூட்டியே கிடந்தது. உங்கள் மகள், என் மதினியும் சென்னையிலிருந்து சரி என்றுவிட்டார். விற்பதில் எங்களுக்குள் ஒரு பேச்சும் வரவில்லை. பேச்சு வேறு இடத்தில் வந்தது.

சாயங்காலம் போதகர் வந்து கடைசியாக ஒரு ஜெபம் செய்த பிறகுதான் பூட்டவேண்டும் என்பது மதினியின் ஏற்பாடு. அதற்காகவே ரயிலேறி வந்திருந்தார். பாத்திரமெல்லாம் போன சமையலறையில் மூலைப்பலகை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் முருகன் படமும், பக்கத்தில் எங்கம்மா போட்டோவும். மதினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போதகர் வர்றதுக்குள்ள அத எடுத்து உள்ள வச்சிரு செல்வி."

"வீட்டை விட்டு எறங்கும்போது எடுத்துக்கிடுதேன் மதினி. அத்தை இருந்தப்பவும் அங்கனதான இருந்துச்சு."

"அம்மா பொறுத்துக்கிட்டாக. அது ஒனக்குத் தெரியுமா? இந்த வீட்டுக்கு வந்த பிள்ளை ஞானஸ்நானம் எடுக்காமலே இருக்கேன்னு மனசுக்குள்ள எம்புட்டு வெந்திருப்பாக."

அவர் குரல் உடைந்துவிட்டது.

"ஆயுசு பூராவும் எத்தன பேரு தலமாட்டுல நின்னு ஜெபம் பண்ணவுக எங்கம்மா. அவுகளுக்குக் கடைசி நேரத்துல ஒரு ஜெபம் சொல்ல ஆளில்லாமப் போச்சே. போதகரும் ஊர்ல இல்ல, நானும் வந்து சேரல."

சொல்லவேண்டியது ஒன்று என் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அது இன்னொரு காயமாகிவிடுமோ என்று பயந்தேன். அங்கிருந்து நகர்ந்து குளியலறைக்குள் போனேன். அந்த அலமாரியைத் திறந்தது அப்போதுதான்.

உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்த காலம் ஒன்று இருந்தது. பிடிக்காமல் இல்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் என்று உங்கள் மகன் சொல்வார். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்தால் உங்கள் வேதக் கோயிலில் வைத்தே கல்யாணம் என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் மாட்டேன் என்றேன். புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில், பட்டாசு ஆலை வேனில் போய்வந்து என்னைப் படிக்கவைத்த எங்கம்மா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் வேனில் ஏறுவாள். அவளிடம் போய் நான் வேறு சாமிக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. நீங்கள் வரவில்லை. எங்கம்மா வந்தாள், ஒரு ஓரமாக நின்று அட்சதை போட்டாள், மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் நாம் ஒரே ஊரில் இருந்தோம். கடைவீதியில் நான் எதிரே வந்தால் நீங்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். நீங்களும் எங்கம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்த மதியம் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இருந்தேன். தீபாவளி நெருங்குகிற நேரம். காலண்டர் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தோம். முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சத்தம் அப்புறம்தான் வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். எல்லோரும் மாடிக்கு ஓடினோம். மேற்கே புகை எழும்பி நின்றது. யாரோ புதுப்பட்டிப் பக்கம் என்றார்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் எங்கம்மா நம்பரை அடித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, அந்தப் போன் தனியாக அடித்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்போது கயிறு இறங்கும், போனதும் ஏறும். பெண்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். ஒவ்வொருத்தரும் பக்கத்தில் இருந்தவரிடம் எந்த செட், எந்த செட் என்று கேட்டார்கள், ஆலையில் எந்தக் கொட்டகை என்று. எங்கம்மா பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற செட். அதைச் சொன்னதும் பக்கத்திலிருந்த ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. உங்கள் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வரும்வரைக்கும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. வந்தும் உங்கள் பேரைச் சொல்லி உள்ளே விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே வெளியே வந்தீர்கள். வெள்ளைச் சேலையில் கரியும் களிம்பும் அப்பியிருந்தன. யாரென்று தெரியாமல் கிடக்கிறவர்களுக்கு அடையாளம் சொல்லி ஆள் தேடினீர்கள். முதலில் ஒரு ஆண்பிள்ளைக்குச் சொன்னீர்கள். யாரோ அலறிக்கொண்டு போனார்கள். பிறகு சொன்னீர்கள்.

"பொம்பள. நாப்பத்தஞ்சு அம்பது இருக்கும். ரெண்டு பக்கமும் மூக்குத்தி. இடது முழங்கைக்கு உள்பக்கமா வேல் பச்சை குத்தியிருக்கு. ஆரு ஆளு?"

நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தேன். நிமிர்ந்தபோது உங்களுக்கு நேர் எதிரே நின்றேன். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். நீங்கள் அவர் கையை எடுத்துவிட்டீர்கள்.

"ஒங்கம்மாவா?"

தலையை அசைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். ஆறுதல் சொல்வீர்கள் என்று நினைத்தேன், நீங்கள் கேட்டது வேறு.

"ஒன்னைய வீட்ல எப்பிடிக் கூப்பிடுவாக?"

எல்லோருக்கும் நான் செல்வி. எங்கம்மா மட்டும் முத்துச்செல்வியில் முன்பாதியைக் கூப்பிடுவாள். "முத்துன்னு கூப்பிடுவா" என்றேன். உங்கள் முகம் மாறியது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள், வலிக்கிற மாதிரி. நடந்துகொண்டே சொன்னீர்கள்.

"அழாத. அம்மான்னு கூப்பிடாத. காதுகிட்டப் போயி ஒம் பேரச் சொல்லு. முத்து வந்திருக்கேன்னு சொல்லு. கேக்கும்."

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. கொசுவலைக்குள் வெள்ளைக் களிம்பு பூசிய உடம்பு. முகத்தை நான் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன். வேலின் நுனி மட்டும் தோலோடு பத்திரமாக இருந்தது. குனிந்து சொன்னேன். அசைந்துகொண்டிருந்த எங்கம்மாவின் வாய் நின்றது. மறுநாள் காலைவரைக்கும் மூச்சு இருந்தது. நீங்கள் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. ஒங்கம்மா படத்தையும் சாமி படத்தையும் எடுத்துட்டு வா. அடுப்படி மூலையில பலகை அடிச்சிருக்கேன்."

"ஞானஸ்நானம்?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"இனிமே அதப் பத்தி நான் பேச மாட்டேன்."

பேசவும் இல்லை. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. உங்களோடு இருந்த முதல் வருஷம் முழுக்க, என்றைக்காவது ஒரு நாள் கேட்டுவிடுவீர்கள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டே நடமாடினேன். சாயங்காலம் முன்னறையில் நீங்கள் ஜெபம் சொல்வீர்கள், நான் அடுப்படியில் நிற்பேன். நடுவில் ஒரு நிலைப்படிதான். நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் இல்லை, கதவைச் சாத்தியதும் இல்லை.

நேற்று நான் குளியலறையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. வந்தது மேரி சிஸ்டர். தீக்காய வார்டில் உங்களோடு பல வருஷம் வேலை பார்த்தவர் என்று மதினிக்கும் தெரியும். கடைசி ஒரு வருஷம் நீங்கள் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை, தங்கள் தெருவில் நடக்கமுடியாமல் இருக்கிற ஒருவருக்கு வாங்கிப்போக வந்திருந்தார். உட்காரச் சொல்ல வீட்டில் வேறு ஆசனம் இல்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மதினி முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பலகையில் எங்கம்மா போட்டோ அவர் கண்ணில் பட்டது.

"இது அந்தம்மாதான?"

"ஆமா சிஸ்டர்."

"ஒங்க அத்தை ஒன்கிட்டக் கடைசிவரைக்கும் சொல்லலையோ?"

"என்னத்த?"

மதினியும் சுவரோரம் வந்து நின்றார்.

"அன்னைக்கு வார்டுல எங்களுக்கு நிக்க எடமில்ல," என்று ஆரம்பித்தார் மேரி சிஸ்டர். "இந்தம்மா ஆருன்னே தெரியாது. வாய் மட்டும் அசைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. 'மு... மு...'ன்னு வருது, அதுக்கு மேல வரல. நாக்கு வீங்கியிருந்துச்சு. நான், ஆரையோ கூப்பிடுதாக, வாங்கக்கா, வெளிய ஆள் இருக்கான்னு கேட்டுப் பாப்போம்னேன். ஒங்க அத்தை நகரல. அந்தக் கையில குத்தியிருந்த வேல் பச்சையப் பாத்துட்டே நின்னாக. அப்புறம் குனிஞ்சு காதுகிட்ட, முருகா, முருகான்னு சொன்னாக. ஒரு தடவ இல்ல. நின்னு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாக. சொல்லச் சொல்ல இந்தம்மா வாய் அசையிறது கொறஞ்சுது."

மதினி தலையை ஆட்டினார். "எங்கம்மா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாக சிஸ்டர்."

"நான் பக்கத்துல குளுக்கோஸ் பாட்டிலப் பிடிச்சிட்டு நின்னேம்மா."

காலி வீட்டில் மதினி மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அப்புறந்தான் அடையாளம் சொல்ல வெளிய போனாக. திரும்பி வரும்போது இவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாராக. மறுநாள் அந்தம்மா போன பெறகு, கை கழுவுற எடத்துல நின்னு அழுதாக. முருகன் பேரச் சொன்னதுக்கு அழல. 'மேரி, அந்தம்மா கூப்பிட்டது சாமியவா, முத்துன்னு மகளவான்னு தெரியலையே. நான் தப்பான பேரச் சொல்லிட்டனோ'ன்னு அழுதாக."

வாசலிலிருந்து வார்டு வரைக்கும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்களே, அம்மான்னு கூப்பிடாத, ஒம் பேரச் சொல்லு என்றீர்களே. ஏன் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் சிஸ்டர் இம்புட்டு நாளா நீங்களும் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாக. தெரிஞ்சா எனக்காகன்னு வந்து ஞானஸ்நானம் எடுத்துக்கிடுவா, அப்பிடி ஒருத்தரு எடுக்கக்கூடாது மேரின்னாக. இப்ப அவுக இல்ல. ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தேன். அதான் சொல்லிட்டேன்."

உங்கள் மகன் வந்து நாற்காலியை மடக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொடுத்தார். மேரி சிஸ்டர் போன பிறகு மதினி சமையலறைத் தரையில், பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். படத்தை எடு என்று மறுபடி சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மதினி, அத்தைக்குக் கடைசியில ஜெபம் சொல்ல ஆள் இருந்துச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் போன அந்தக் காலையைச் சொன்னேன். உங்கள் மகன் டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தார். போதகர் வெளியூரில். உங்கள் மூச்சு மாறியது எனக்குத் தெரிந்தது. பேச்சு போய் மாதக்கணக்காகியிருந்த நீங்கள், முன்னறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் நீங்கள் உட்காருகிற இடம் அது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. கொடுக்க அந்த வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு மனதில் ஏறியிருந்த உங்கள் ஜெபத்தை உங்கள் காதுகிட்டக் குனிந்து சொன்னேன். நீங்கள் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"ஞானஸ்நானம் எடுக்காதவ சொன்னா ஒங்களுக்கு ஒப்புமோ என்னமோன்னுதான் நான் சொல்லல மதினி."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த ஜெபம்?"

"கோயில்ல எல்லாரும் சேந்து சொல்வீகளே, அது."

"முழுசாச் சொன்னியா?"

"ஒரு வரி தெரியாது. அந்த எடம் வந்தா அத்தை சத்தத்தக் கொறச்சிருவாக. அடுப்படிக்குக் கேக்கவே கேக்காது. அத விட்டுட்டுத்தான் சொன்னேன்."

"எதுக்கு அடுத்தது?"

அன்றைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கேட்கிற வரிக்கு அடுத்தது என்றேன். மதினி அந்த வரியைச் சொன்னார். எங்களுக்குத் தப்புச் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி அது. நான் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல் பிசகியது. மதினி திருத்தினார். மறுபடி சொன்னேன்.

"சின்னப் பிள்ளையில எங்களுக்குச் சொல்லிக் குடுக்கும்போது அம்மா அதையும் சத்தமாத்தான் சொல்வாக," என்றார் மதினி. "எப்ப இருந்து கொறச்சாகன்னு தெரியல."

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது எனக்குக் கேட்டதில்லை. அதை நான் மதினியிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

போதகர் வந்தபோது படம் பலகையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். மதினி, "ஆரம்பிங்க ஐயா" என்றார். ஒரு சாமானும் இல்லாத வீட்டில் நாலு பேர் குரலும் சுவருக்குச் சுவர் மோதிப் பெரிதாகக் கேட்டது. ஜெபம் முடிந்ததும் நான் படங்களை எடுத்துச் சேலையில் சுற்றினேன். மதினி அந்தப் பலகையின் ஆணியைப் பிடுங்கி, பலகையையும் என் கையில் கொடுத்தார். உங்கள் மகன் கதவைப் பூட்டினார்.

எங்கம்மா கூப்பிட்டது யாரை என்று எனக்கும் தெரியவில்லை, அத்தை. அவள் முருகனைக் கூப்பிட்டிருந்தால் நீங்கள் பதில் கொடுத்துவிட்டீர்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நீங்கள் சொன்னது தப்பான பேர் இல்லை. இதை உங்களிடம் சொல்ல முடியாமல் போனதுதான் என் குறை. இத்தனை வருஷம் அந்தச் சந்தேகத்தோடு தனியாக இருந்தீர்கள். இனி அது என்னிடம் இருக்கட்டும்.

நான் ஞானஸ்நானம் எடுக்கப்போவதில்லை. நீங்கள் அதைக் கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். இன்று காலை விருதுநகர் வீட்டில் முருகனுக்கு விளக்கேற்றினேன். எங்கம்மாவைக் கும்பிட்டேன். பிறகு உங்களுக்காக, உங்கள் ஜெபத்தை முதல் தடவையாகத் தனியாக, முழுசாகச் சொன்னேன். அந்த வரி வந்தபோது நான் குரலைக் குறைக்கவில்லை. பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த உங்கள் மகனுக்கும் கேட்டது.